தோடும் தோலும்

இறால் ஊரில் இறால் ஒத்துக்கொள்ளாத உடம்போடு பிறப்பது போல ஒரு சங்கடம் வேறு இல்லை. தூத்துக்குடி கடற்கரைத் தெருவில் ஜெசிந்தா அப்படித்தான் பிறந்திருந்தாள். அப்பா விசைப்படகு ஓட்டுபவர். அத்தைமார் மூன்று பேரும் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. வீட்டில் இறால் குழம்பு கொதித்தால் போதும், ஜெசிந்தா தட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள்.

பத்தொன்பது வயதில், "எல்லாம் பழகிரும்" என்று சொல்லி அத்தைகள் அவளையும் உரிக்கக் கூட்டிப்போனார்கள். அரை மணி நேரத்தில் இரண்டு கைகளும் பூரி மாதிரி உப்பி, கண்கள் மூடிக்கொண்டன. கம்பெனி வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். "கடல்காரன் வீட்ல பொறந்த பிள்ளைக்கு வந்த சீக்கப் பாரு" என்று பெரிய அத்தை ஒரு மாதம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதன் பிறகு ஜெசிந்தா தையல் கடை, ஜெராக்ஸ் கடை, மருந்துக் கடை என்று ஊரில் வாசம் வராத கடையாகப் பார்த்து வேலை செய்தாள். கிளாட்வினைக் கல்யாணம் பண்ணியதுகூட அவன் லேத் பட்டறைக்காரன், அவனிடம் கிரீஸ் வாடை மட்டும்தான் அடிக்கும் என்பதால்தான் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

அவளுக்கு முப்பத்தொரு வயது நடந்தபோது 'ஆழித்தோடு' தொழிற்சாலை வந்தது.

பிளாஸ்டிக்கை அரசாங்கம் அடியோடு நிறுத்தி ஏழெட்டு வருடம் ஆகியிருந்த காலம். உரிக்கும் கம்பெனிகளுக்குப் பின்னால் மலையாகக் குவிந்து, காக்காயும் நாயும் தவிர யாரும் கிட்டே போகாமல் கிடந்த இறால் தோட்டுக்கும் நண்டு ஓட்டுக்கும் திடீரென்று மவுசு வந்தது. குளிர்பெட்டி வைத்த லாரிகள் வந்து அள்ளிப்போயின. போன தோடு தண்ணீர் தெளிய வைக்கும் தூளாக, டீக் கோப்பையாக, கேரி பேக்காகத் திரும்பி வந்தது. எல்லாவற்றையும்விட முக்கியமானது நொடிக்கட்டு. வெட்டுக்காயத்தின் மேல் அந்தத் துணியை வைத்துப் பத்து எண்ணுவதற்குள் ரத்தம் நின்றுவிடும். சாலை விபத்தில் அடிபட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர் அந்தத் துணியால் பிழைத்தார்கள்.

ஒருநாள் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. 'இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தேவை. நல்ல சம்பளம். மதிய உணவு சைவம்.' கிளாட்வின் அதைக் கத்தரித்துக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, சிரிப்பை அடக்கத் தெரியாமல் நின்றான்.

நாற்பத்து மூன்று பேர் போயிருந்தார்கள். பாதிப் பேர் பொய். மீதியில் பலருக்கு லேசான அரிப்புதான். ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்ட ஷாஹிதா என்ற காயல்பட்டினத்துப் பெண் ஜெசிந்தாவின் முன்கையில் ஒரு சொட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அதற்குள் அந்த இடம் கொசு கடித்தது போலத் தடித்திருந்தது. அவள் வைத்தது ஒரு டம்ளர் தண்ணீரில் ஊசிமுனை அளவு இறால் சாறு கலந்த கரைசல்.

"எதுக்கு மேடம் என்னப் போல ஆளு? மெஷின் இல்லியா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"மெஷின் இருக்கு. அதுக்குக் கண்ணு பத்தல" என்றாள் ஷாஹிதா. "முன்ன அமிலத்துல போட்டு அவிச்சு எடுத்தோம். தண்ணி கெட்டுப்போச்சு, ஊர்க்காரங்க சண்டைக்கு வந்தாங்க. இப்ப ஒரு நுண்ணுயிர விட்டு, தோட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கற சதைய அதுவே தின்னுரும்படி செய்யுதோம். தின்னுட்டு துணுக்கு துணுக்கா மிச்சம் வைக்கும். மெஷின் முழுசாத்தான் தேடும், துணுக்க விட்டுரும். ஒங்க ஒடம்பு விடாது."

"அதக் கழுவிட்டா போச்சு."

"கழுவுதோம். கழுவுனது போதுமான்னு யாராவது சொல்லணும்லா? ரத்தம் கொட்ட மயங்கிக் கெடக்கறவர்கிட்ட, ஐயா ஒங்களுக்கு எறால் ஒத்துக்குமான்னு கேட்டுட்டா கட்டுப் போட முடியும்?"

அப்படித்தான் ஜெசிந்தா தோல் பரிசோதகர் ஆனாள்.

வேலை எளிது. ஒவ்வொரு பேட்சிலிருந்தும் விரல் அகலத் துண்டு ஒன்றை நனைத்து முன்கையில் வைத்துப் பத்து நிமிடம் உட்கார வேண்டும். தடித்தால் பேட்ச் கழுவும் பகுதிக்குத் திரும்பிப் போகும். தடிக்காவிட்டால் அவள் கையெழுத்துப் போடுவாள், பேட்ச் ஆஸ்பத்திரிக்குப் போகும். அரிப்புக்கு மாத்திரை போடக்கூடாது, கைக்கு வாசனைப் பவுடர் கூடாது, வெயிலில் போனால் முழுக்கைச் சட்டை. அவளுடைய இரண்டு கைகளுக்கும் கம்பெனி இன்சூரன்ஸ் எடுத்தது. சீக்கு என்று சொன்ன பெரிய அத்தையே பஸ் ஸ்டாண்டில் நின்று, "எம் மருமவ கையப் பாத்துத்தான் கம்பெனியே ஓடுது" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததை ஜெசிந்தா தன் காதால் கேட்டாள். அன்றைக்கு அவளுக்கு வந்த பெருமையில் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

கழுவும் பகுதிக்காரர்களுக்கு மட்டும் அவளைப் பிடிக்காது. அவள் கை தடித்தால் அவர்களுக்கு இரட்டை வேலை. "இன்னைக்கு அரிப்பு எப்படி?" என்று கேட்டில் நின்று கேட்பார்கள். "ஒங்க கழுவல் எப்படியோ அப்படி" என்று அவளும் சொல்லிவிட்டுப் போவாள்.

மூன்று வருடம் இப்படிப் போனது. மூன்றாம் வருடக் கடைசியில் கழுவும் பகுதிக்கு நல்ல காலம் பிறந்தது. பேட்ச் எதுவும் திரும்பவில்லை. பத்து, இருபது, ஐம்பது என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தது. நூறாவது பேட்ச் தடிப்பில்லாமல் தேறியபோது மேனேஜர் பால்வண்ணன் எல்லோருக்கும் மக்ரூன் வாங்கிக் கொடுத்தார். கழுவும் பகுதிக்காரர்கள் முதன்முறையாக ஜெசிந்தாவைப் பார்த்துச் சிரித்தார்கள். "ஒங்களுக்கு இப்பத்தான் கழுவத் தெரிஞ்சிருக்கு" என்று அவளும் சிரித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு லீமா குழந்தைக்கு ஞானஸ்நானம். மத்தியானம் பந்தலில் விருந்து. ஜெசிந்தாவுக்கென்று தனியாக வெஜிடபிள் கட்லெட் சொல்லியிருந்தார்கள். அவள் இரண்டு சாப்பிட்டுவிட்டு மூன்றாவதைக் கடித்துக்கொண்டிருந்தபோது சமையல்காரர் உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

"எம்மா, அதத் திங்காதீய! அது சென்னாக்குனிப் பொடி போட்ட கட்லெட்டு! தட்டு மாறிப்போச்சு!"

சென்னாக்குனி என்பது பொடி இறால், காய வைத்து இடித்தது. பந்தலே எழுந்து நின்றது. கிளாட்வின் நாற்காலியைத் தள்ளிவிட்டு, அவளுக்கென்று வாங்கி வைத்திருந்த அலர்ஜி ஊசியை எடுக்க வீட்டுக்கு ஓடினான். லீமா அழவே தொடங்கிவிட்டாள். யாரோ ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். ஜெசிந்தா கட்லெட்டைக் கையில் பிடித்தபடி, தொண்டை எப்போது அடைக்கும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடமும் ஆயிற்று. ஊசியோடு கிளாட்வின் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அவளுக்கு ஒரு ஏப்பம் வந்தது, அவ்வளவுதான்.

"மாதா காப்பாத்திட்டா!" என்றாள் லீமாவின் மாமியார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. கிளாட்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. "இனும நம்ம வீட்லயும் எறால் வாங்கலாம் ஜெசி!" என்று அவள் தோளைப் பிடித்து ஆட்டினான். ஜெசிந்தாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பார்வை தன் முன்கையில் விழுந்தது. வழவழவென்று, ஒரு புள்ளிகூட இல்லாமல் கிடந்தது கை.

"ஏங்க, பைக்க எடுங்க" என்றாள். "கம்பெனிக்குப் போணும்."

"ஞாயித்துக்கெழம எதுக்கு?"

"எடுங்க, சொல்லுதேன்."

ஷாஹிதாவுக்குப் போன் போட்டு வரச் சொன்னாள். ஆய்வகத்தில் கழுவாத பச்சைத் தோட்டுத் தூளைத் தண்ணீரில் குழைத்து, ஷாஹிதா அவள் கையில் தடவினாள். மூன்று வருடத்துக்கு முன்னால் இதைத் தடவியிருந்தால் ஆம்புலன்ஸ் வர வேண்டியிருக்கும். மூவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இருபது நிமிடம் கழித்துத் துடைத்தபோது தோல் எப்போதும் போல இருந்தது.

ஷாஹிதா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"சில டாக்டர்மாரு இதையே வைத்தியமா செய்வாங்க. ஒத்துக்காதத தெனம் கொஞ்சம் கொஞ்சமா குடுத்து ஒடம்பப் பழக்குவாங்க. நாங்களும் மூணு வருசமா தெனம் ஒங்க கையில கொஞ்சம் கொஞ்சமா வச்சிருக்கோம். தெரியாமலே வைத்தியம் பாத்திருக்கோம் அக்கா. எனக்கு இது தோணியிருக்கணும். தோணல."

"கடசியா நான் திருப்பி அனுப்புனது எப்ப?"

ஷாஹிதா பதிவேட்டைப் புரட்டினாள். "அறுபத்தோரு நாளு ஆச்சு."

"அப்ப நூறு பேட்ச்சும்..."

"சுத்தமா இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். ஒங்க கை எந்த நாள்ல பேச்ச நிறுத்துச்சுன்னு நமக்குத் தெரியாது."

பால்வண்ணன் கெட்டவர் இல்லை. போனில் கூப்பிட்டதும் வந்தவருக்கு, விஷயத்தைக் கேட்டதும் வியர்த்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகத்தான் பேசினார்.

"இங்க பாருங்கம்மா. மெஷின் நூறையும் சரின்னு சொல்லியிருக்கு. எந்த ஆஸ்பத்திரில இருந்தும் ஒரு புகார் வரல. இப்ப நாம வாயத் தொறந்தா நூறு ஆஸ்பத்திரியும் நொடிக்கட்ட அலமாரியில வச்சுப் பூட்டிருவாங்க. அந்த நேரத்துல அடிபட்டு வாரவன் ரத்தம் போயே செத்துப்போவான். அந்தப் பாவம் யாருக்கு?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"ஒங்களுக்குத் தொணையா புதுசா ஒருத்தரச் சேத்துக்கலாம். நீங்க மேற்பார்வை பாருங்க. நடந்தது நம்மளோட இருக்கட்டும்" என்றார் அவர்.

அவள் மேசைக்குத் திரும்பினாள். அங்கேதான் பரிசோதனைப் பதிவேடு இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டது, ஒரு வரி எழுதினால் அழிக்க முடியாது, அரசு ஆய்வாளர் மாதாமாதம் வந்து பார்ப்பார். ஜெசிந்தா கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தாள். மறுபடி ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்பது போலத் தன்னை நினைத்துப் பார்த்தாள். பெரிய அத்தை பஸ் ஸ்டாண்டில் இனி என்ன சொல்லுவாள் என்றும் நினைத்தாள். பிறகு எழுதினாள். 'இன்று பச்சைத் தோட்டுத் தூளுக்கு என் கை தடிக்கவில்லை. கடந்த அறுபத்தோரு நாட்களில் நான் தேற்றிய பேட்ச்களை நம்ப வேண்டாம்.'

எழுதிய பிறகு பால்வண்ணனாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சொல்லப்போனால், எழுதிவிட்டாள் என்று தெரிந்ததும் அவருக்கே மூச்சு சீரானது போலிருந்தது. ஒவ்வொரு பேட்சிலும் ஒரு துண்டு எடுத்து வைத்திருந்தார்கள். சோதிக்க ஒரு தோல்தான் தேவைப்பட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் நேர்முகத்துக்கு வந்தவர்களில் ஜெசிந்தாவுக்கு அடுத்தபடியாகத் தடித்தவர் உச்சிமாகாளி, பஸ் கண்டக்டர். போனில் கூப்பிட்டதும் மூன்று நாள் லீவு போட்டு வந்துவிட்டார்.

"அன்னைக்கு என்ன வேண்டாம்னியளே, இப்ப தெரியுதா என் அரும?" என்று சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். கையில் இடம் போதாமல் முதுகிலும் கட்டம் போட்டார்கள். ஷாஹிதா ஊசியோடு பக்கத்திலேயே நின்றாள். மூன்று நாளும் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு குப்புறப் படுத்தபடி, பஸ்ஸில் சில்லறை கேட்டுச் சண்டை போட்ட பயணிகள் கதையாகச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

நூறில் தொண்ணூற்றாறு சுத்தம். நான்கு தடித்தன.

நான்கில் மூன்று பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டன. ஒன்று மட்டும் கடற்கரை ஊர் ஒன்றின் சிறிய ஆஸ்பத்திரியில் பதினொரு பேருக்குப் போட்டு முடிந்திருந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்றார் அங்கிருந்த நர்ஸ். பால்வண்ணன் பெருமூச்சு விட்டார். ஜெசிந்தா விடவில்லை. நர்ஸ் மூலமாகப் பதினொரு பேரிடமும் கேட்டு, சம்மதித்த பிறகு ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தாள். பத்துப் பேர் நன்றாக இருந்தார்கள். ஒருவர் அவளுக்கு இளநீர்கூட வெட்டிக் கொடுத்தார்.

பதினோராவது ஆள் செலஸ்தீனம்மாள். மார்க்கெட்டில் இருப்பாள் என்று சொல்லியிருந்தார்கள். ஜெசிந்தா மீன் வரிசையில் தேடினாள், அங்கே இல்லை. காய்கறி வரிசைக் கடைசியிலிருந்து, கடல்வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"வாங்க, வாங்க! துடிக்கத் துடிக்க முருங்கக்கா! இப்ப வந்த முருங்கக்கா!"

முருங்கைக்காயைத் துடிக்கத் துடிக்க விற்கிறவள் முன்பு எதை விற்றிருப்பாள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஜெசிந்தா அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். இடது உள்ளங்கையில் நீளமாக ஒரு தழும்பு இருந்தது.

"கை எப்படி இருக்குக்கா?"

"கை ஜோரா ஆறிட்டு. கட்டு நல்ல கட்டு. பத்து நாளு கட்டியிருந்தேன்" என்றாள் செலஸ்தீனம்மாள். "அதுக்குப் பெறகுதான் ஒடம்பு கெட்டுப்போச்சு. இருவது வருசமா எறால் விக்கிறவ நான். ஒருநா சாயங்காலம் எறால் தொக்கு வச்சுத் திங்கேன், தொண்டைய அடச்சுட்டு. மறுநா கூடையத் தொட்டா கை வீங்குது. டாக்டர்கிட்ட கேட்டா, வயசானா சில பேருக்கு அப்படி வருமாம். நாப்பது வயசு ஒரு வயசா, சொல்லு பாப்போம்."

காய்ந்துகொண்டிருந்த புண்வழியாகப் பத்து நாளும் அந்தத் துணுக்குகள் அவள் உடம்புக்குள் போயிருக்கின்றன. உடம்பு அதை எதிரியாகப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. கட்டுப் போட்டிருந்தவரை ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் புகாரும் வரவில்லை. புறப்படும்போதே ஷாஹிதா சொல்லி அனுப்பியிருந்த சாத்தியம் அது. அப்படி எதுவும் இருக்கக்கூடாது என்று ஜெசிந்தா பஸ் முழுக்க வேண்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"அக்கா, அது வயசுனால இல்ல" என்றாள். பிறகு ஒன்றுவிடாமல் சொன்னாள். தன் கை, நூறு பேட்ச், மக்ரூன், கட்லெட், உச்சிமாகாளியின் முதுகு, எல்லாம்.

நடுவில் ஒருத்தி வந்து முருங்கைக்காய் விலை கேட்டாள். "பெறகு வா" என்று செலஸ்தீனம்மாள் அனுப்பிவிட்டாள். ஜெசிந்தா பேசி முடித்ததும் அவள் காய்களை ஒழுங்காக அடுக்கினாள், கலைத்தாள், மறுபடியும் அடுக்கினாள்.

"அப்ப எம் மேல தப்பு இல்ல" என்றாள் கடைசியில்.

"ஒங்க மேல என்னக்கா தப்பு?"

"இல்ல பிள்ள. எந்த எறால் என்ன சாபம் விட்டுச்சோன்னு கெடந்தேன். எம் மாமியா அப்படித்தான் சொல்லிச்சு." சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடித்தபோது அவளுக்குக் கோபம் வந்திருந்தது. "கையக் காட்டு."

ஜெசிந்தா முன்கையை நீட்டினாள். செலஸ்தீனம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல கை. இத நம்பி எனக்குக் கட்டியிருக்காங்க."

"எழுதிக் குடுங்கக்கா. கம்பெனி மேலயும் குடுங்க, எம் மேலயும் குடுங்க. நான் வந்து சாட்சி சொல்லுதேன்."

"குடுக்காம விடுவனா?" என்ற செலஸ்தீனம்மாள், கையை விடாமலே கேட்டாள். "அது இருக்கட்டும். இப்ப அந்த வேல காலியாத்தான இருக்கு?"

ஜெசிந்தாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"உச்சிமாகாளியோ யாரோ கண்டக்டரு, அவரு பஸ்ஸுக்குப் போயிட்டாருன்னா வேற ஆளு வேணும்லா? எங்கையி ஒங்கைய விட நல்லா வீங்கும். முருங்கக்கா நமக்கு வெளங்காது பிள்ள. கூவுனா சிரிக்காங்க."

அன்று வீட்டுக்கு வந்தபோது கிளாட்வின் ஆசையாக இறால் வறுத்து வைத்திருந்தான். ஜெசிந்தா இரண்டு சாப்பிட்டாள். "எப்படி?" என்று கேட்டான். "ருசியாத்தான் இருக்கு" என்றாள். மூன்றாவதை எடுக்கவில்லை.

செலஸ்தீனம்மாள் சொன்னது போலவே புகாரும் கொடுத்தாள், வேலையும் கேட்டாள். அவளை வேலைக்கு எடுப்பதில் பால்வண்ணனுக்குக் கொள்ளைச் சந்தோஷம். புகார் தன்னால் நீர்த்துப்போகும் என்று நினைத்தார். அது நீர்த்துப்போகாது என்று செலஸ்தீனம்மாள் முதல் நாளே அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். ஜெசிந்தா இரண்டு விதிகளைக் கேட்டு எழுதி வாங்கினாள். யாராக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து அந்த மேசையில் உட்காரக்கூடாது. ஒவ்வொரு நாளும் பேட்சைத் தொடுவதற்கு முன்னால், பச்சைத் தோட்டுத் தூள் ஒரு துளியை வைத்துக் கை இன்னும் பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்கிற வேலை ஜெசிந்தாவுடையது. அந்தக் கையெழுத்து இல்லாமல் எந்தப் பேட்சும் மேசைக்கு வராது.

திங்கட்கிழமை காலையில் செலஸ்தீனம்மாள் புதுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்திருந்தாள். கழுவும் பகுதிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஷாஹிதா ஊசியைத் தயாராக வைத்தாள். ஜெசிந்தா தூளைக் குழைத்து ஒரு துளியை அவள் முன்கையில் வைத்தாள். நெற்றியில் பொட்டு வைப்பதைப் போல அத்தனை கவனமாக வைத்தாள்.

மூன்று நிமிடம் ஒன்றும் இல்லை. தடிக்காமல் போனால் இந்த அம்மாள் நாளைக்கே இறால் கூடையைத் தூக்கிவிடலாம். தடித்தால் தொழிற்சாலைக்கு நல்ல கை கிடைத்துவிடும். தான் எதற்காக வேண்டிக்கொள்கிறோம் என்று ஜெசிந்தாவுக்கே தெரியவில்லை.

நான்காவது நிமிடம் தோல் சிவந்தது. பிறகு மெல்ல எழும்பி, உளுந்து அளவு, பட்டாணி அளவு என்று பெரிதாகிக்கொண்டே போனது.

"வந்துட்டு பாத்தியா!" என்று செலஸ்தீனம்மாள் மார்க்கெட் குரலில் கத்தினாள். கழுவும் பகுதியிலிருந்து யாரோ கைதட்டினார்கள். ஜெசிந்தா பதிவேட்டில் நேரத்தை எழுதினாள். நிமிர்ந்து பார்த்து, "ரொம்ப அரிக்குதாக்கா?" என்று கேட்டாள்.

"அரிக்கத்தான் செய்யும்" என்று சொல்லி, செலஸ்தீனம்மாள் மற்றக் கையை மேசைமேல் நீட்டினாள். "எழுதுனது போதும், மொத பேட்ச வையி பிள்ள. ஆஸ்பத்திரியில ஆளு காத்துக் கெடக்கும்."